வளர்ப்புப் பச்சோந்திக்கு அறுவை சிகிச்சை: முன்தயாரிப்பும் ஆபத்துகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைகளில் வெய்ல்டு கமீலியன் என்ற பெயரில் கிடைக்கும் ஏமன் பச்சோந்தி, மடகாஸ்கரைச் சேர்ந்த பாந்தர் பச்சோந்தி, கிழக்கு ஆப்பிரிக்க மலைகளின் மூன்று கொம்புள்ள ஜாக்சன் பச்சோந்தி ஆகியவற்றை வளர்ப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. கணக்கு காட்ட வேண்டிய இடங்களில் 110 கிராம் எடையுள்ள ஓர் ஏமன் பெண் பச்சோந்தியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மருந்தின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் சொல்வதை நீங்கள் புரிந்துகொண்டு சரிபார்க்கவே இங்கே எண்கள் தரப்பட்டுள்ளன.

பச்சோந்திக்கு எதற்கெல்லாம் அறுவை சிகிச்சை செய்கிறார்கள்?

பெண் பச்சோந்திகளில் முதலிடம் முட்டை அடைப்புக்குத்தான், அதாவது முட்டையிட முடியாமல் அவை உள்ளேயே தங்கிவிடுவதற்கு. தாடை, நெற்றிப்பொட்டு, பாதம் ஆகிய இடங்களில் வரும் சீழ்க்கட்டிகளும் அடிக்கடி வருகின்றன. ஊர்வனவற்றின் சீழ் திரவமாக இருக்காது. பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியாக இருப்பதால் ஊசி வைத்து உறிஞ்ச முடியாது, கீறித்தான் எடுக்க வேண்டும். ஆண் உறுப்போ கழிவுப் புழையோ வெளியே தள்ளி உள்ளே திரும்பாமல் போவது, எலும்பு முறிவு, அழுகிய வால் நுனி, கெட்டுப்போன கண், அடிபட்டு உள்ளிழுக்க முடியாமல் தொங்கும் நாக்கு ஆகியவை மற்ற காரணங்கள்.

எது அவசரம்? எதைத் தள்ளிப்போடலாம்?

உறுப்பு வெளியே தள்ளியிருந்தால் அன்றே போக வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்வரை அது காயக்கூடாது. சலைனில் நனைத்த மெல்லிய காஸ் துணியால் மூடிவையுங்கள். வீங்கியிருந்தால், கெட்டியான சர்க்கரைக் கரைசலில் நனைத்த துணி வீக்கத்தை ஓரளவு வற்றவைக்கும். விரலால் உள்ளே தள்ள முயல வேண்டாம்.

முட்டை நிறைந்த வயிற்றோடு கண்ணை மூடிக்கொண்டு தரையில் கிடக்கும் பெண்ணும் அன்றே பார்க்க வேண்டிய நோயாளி. ரத்தக் கசிவு நிற்காத காயமும் அப்படியே.

சீழ்க்கட்டி, பழைய முறிவு, வால் நுனி அழுகல் போன்றவற்றில் பெரும்பாலும் சில நாட்கள் அவகாசம் இருக்கும். அந்த அவகாசத்தை விடாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பச்சோந்தி மேசையில் இறப்பதற்குக் கத்தியைவிட, அது வந்து சேரும் நிலைதான் பெரும்பாலும் காரணமாகிறது: உடம்பில் தண்ணீர் இல்லை, ரத்தத்தில் கால்சியம் இல்லை, சூடும் இல்லை. இந்த மூன்றையும் இரண்டு மூன்று நாட்களில் ஓரளவாவது தேற்றிவிட்டு அறுத்தால் ஆபத்து கண்கூடாகக் குறையும்.

முட்டை அடைப்புக்கு ஊசி போட்டால் போதாதா?

சில நேரம் போதும். எப்போது போதும் என்பதை எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் சொல்லும்.

முட்டைகள் ஓடு மூடி, நீள்வட்டமாக, முட்டைக்குழாயில் வரிசையாக இருந்தால் அது ஒரு வகை. இதில் முதலில் உடம்பைச் சூடாக்கி, நீரேற்றி, கால்சியம் கொடுத்து, அதன் பிறகே குழாயின் தசையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியைப் போட்டுப் பார்ப்பார்கள். கால்சியம் குறைந்த தசை சுருங்காது. அந்த நிலையில் ஆக்சிடோசின் மட்டும் போட்டால் பலன் இருக்காது. முட்டை உருக்குலைந்தோ, வழியில் சிக்கியோ இருக்கும்போது போட்டால் குழாயே கிழியலாம். பல்லியினங்களில் ஆக்சிடோசின் ஆமைகளில் வேலை செய்யும் அளவுக்கு நம்பகமானதும் இல்லை.

இன்னொரு வகையில் முட்டை சினைப்பையை விட்டே கிளம்பியிருக்காது. அல்ட்ராசவுண்டில் திராட்சைக் கொத்து போல உருண்டையாகத் தெரியும். இதற்கு ஆக்சிடோசின் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. தள்ளுவதற்குக் குழாயில் ஒன்றும் இல்லையே. தானாக உள்வாங்காவிட்டால் அறுவைதான் வழி.

ஊசி, அறுவை எதற்கும் முன்னால் கூண்டைப் பாருங்கள். ஏமன் பெண்ணுக்குக் குறைந்தது 30 செ.மீ. ஆழத்துக்கு ஈர மணலோ மண்ணோ வேண்டும். தோண்டிய பள்ளம் சரிந்து மூடிக்கொள்ளாத ஈரம் இருக்க வேண்டும். யாரும் பார்க்காத மறைவும் வேண்டும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடும். முட்டையிடப் போகும் நல்ல பெண் சில நாள் தின்னாது, ஆனால் சுறுசுறுப்பாக அலையும், தோண்டும். அடைப்பு உள்ளது தோண்டிக் களைத்து, பகலில் கண் மூடி, கிளையைப் பிடிக்கும் பலம் இழக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எங்கள் பச்சோந்தியை ஆணோடு சேர்க்கவே இல்லை. முட்டை எப்படி வரும்?

ஏமன் பெண் ஆண் துணையில்லாமலே ஆறு மாத வயதுவாக்கில் கருவுறாத முட்டைகளை உருவாக்கத் தொடங்கிவிடலாம். நிறையத் தீனியும் அதிகச் சூடும் கிடைத்தால் ஒரு ஈட்டில் 50, 60 முட்டைகள்கூட வரும். அந்தச் சின்ன உடம்பு தாங்க முடியாத சுமை அது.

எந்த மருத்துவரிடம் போவது? என்ன கேட்க வேண்டும்?

நாய், பூனைகளுக்கு நன்றாக அறுவை செய்பவர் என்பது மட்டும் போதாது. ஊர்வனவற்றுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவராக இருக்க வேண்டும். ஊர்வன, நீர்நில வாழ்வன மருத்துவர்களுக்கான ஏஆர்ஏவி என்ற சர்வதேசச் சங்கம் 1991 முதல் இயங்குகிறது. அதன் உறுப்பினர் பட்டியலை இணையத்தில் பார்க்கலாம். உங்கள் ஊரில் யாரும் இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் விசாரியுங்கள். உள்ளூர் மருத்துவர் வெளியூர் நிபுணரிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்டுச் செய்வதும் நல்ல வழியே.

நேராகக் கேளுங்கள்: மூச்சுக்குழாயில் டியூப் போடுவீர்களா? மூச்சை இயந்திரம் விடுமா, கையால் பை அழுத்துவீர்களா? இதயத் துடிப்பை டாப்ளர் என்ற ஒலி அலைக் கருவி வைத்துக் கேட்பீர்களா? மேசையில் சூடு கொடுக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? அறுப்பவர் தவிர மயக்கத்தை மட்டும் கவனிக்க இன்னொருவர் இருப்பாரா? மயக்கம் தெளியாமல் இரவு ஆகிவிட்டால் யார் பார்ப்பார்கள்?

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் தைரியமாக ஒப்படைக்கலாம். “முகமூடி வைத்து வாயு கொடுத்து சட்டென்று முடித்துவிடலாம்” என்ற பதில் வந்தால், வயிற்றைத் திறக்கும் அறுவைக்கு அந்த இடம் வேண்டாம்.

முன்சோதனைகள் எல்லாம் அவசியமா? ரத்தம் எடுத்தாலே செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயத்தில் நியாயம் உண்டு. ஊர்வனவற்றின் மொத்த ரத்தம் உடல் எடையில் 5 முதல் 8 சதவீதம். நம் 110 கிராம் பச்சோந்திக்கு 5.5 முதல் 8.8 மில்லி, அதாவது ஒன்றிலிருந்து ஒன்றேமுக்கால் தேக்கரண்டி. அதில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய அரை மில்லி, எடுப்பது பொதுவாகப் பாதுகாப்பானது. மிகவும் தளர்ந்து கிடந்தால் அதிலும் குறைத்து எடுப்பார்கள்.

அந்த அரை மில்லியில் பல விஷயம் தெரியும். ரத்த அணுக்களின் பங்கு குறைந்தால் ரத்தசோகை, மிகவும் கூடினால் நீரிழப்பு. யூரிக் அமிலம் உயர்ந்தால் சிறுநீரகத்தில் சந்தேகம். கால்சியமும் பாஸ்பரசும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதும் முக்கியம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: முட்டை உருவாக்கும் பெண்ணுக்கு ரத்தத்தில் மொத்தக் கால்சியம் இயல்பாகவே ஏறியிருக்கும். அறிக்கையில் எண் உயரமாக இருக்கிறதே என்று நிம்மதி அடையக்கூடாது. உடம்பு உடனே பயன்படுத்தக்கூடிய அயனிக் கால்சியத்தைத் தனியாகப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.

எக்ஸ்ரேயில் முட்டையோடு எலும்பின் அடர்த்தியும் பழைய முறிவுகளும் தெரியும். புதிதாகப் போன எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் ஒட்டுண்ணியும் பார்த்துவிடலாம்.

நீர்ச்சத்து குறைந்திருக்கிறதா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?

எச்சத்தோடு வரும் யூரேட் கட்டியை, அதாவது கெட்டியான சிறுநீர்க் கழிவைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நல்லது. முழுக்க மஞ்சளோ ஆரஞ்சோ ஆகிவிட்டால் தண்ணீர் போதவில்லை. கண் கோபுரம் உள்ளே அமுங்கியிருப்பதும், விலாத் தோலில் மடிப்பு விழுந்து அப்படியே நிற்பதும் அடுத்த அடையாளங்கள்.

பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைத் தண்ணீர் என்றே கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். அறுவைக்கு முந்தைய நாட்களில் தெளிப்பு நேரத்தைக் கூட்டுங்கள். சொட்டுக் குழாயைப் பகலில் சில மணி நேரம் ஓடவிடுங்கள். குடிக்கத் தொடங்கவே சிலவற்றுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் தெளிப்பானை நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவர் தோலடியிலோ உடற்குழிக்குள்ளோ திரவம் ஏற்றினால் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 முதல் 30 மில்லி என்ற கணக்கில் கொடுப்பது வழக்கம். நம் பச்சோந்திக்கு அது ஏறக்குறைய 2 முதல் 3 மில்லி. அறைச் சூட்டைவிடச் சற்று வெதுவெதுப்பாக்கித்தான் ஏற்ற வேண்டும். வாயில் ஊற்றுவதாக இருந்தால் பெரிய எச்சரிக்கை தேவை. மூச்சுத் துளை நாக்கின் அடியிலேயே இருப்பதால், பலமில்லாத பச்சோந்தியின் வாயில் வேகமாகப் பீய்ச்சினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும்.

எலும்பு வளைந்திருக்கிறது. அறுவை செய்யலாமா?

கால்சியக் குறைபாட்டு எலும்பு நோய் உள்ள பச்சோந்தியை டியூப் போட வாயைத் திறக்கும்போதே தாடை முறியலாம். மேசையில் திருப்பிப் படுக்க வைக்கும்போது விலா முறியலாம். அவசரம் இல்லாத அறுவை என்றால் சில வாரம் கால்சியச் சிகிச்சை முடித்துவிட்டுச் செய்வதே சரி. கால்சியம் குறைந்த ரத்தம் இதயத் துடிப்பையும் குழப்பும், மயக்கத்தில் அது இன்னும் மோசமாகும்.

யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கையும் இப்போதே சரிபாருங்கள். எரிகிற விளக்கெல்லாம் யூவிபி தருவதில்லை, மாதக்கணக்கில் ஓடிய குழாய்களில் அது மங்கிவிடும். விளக்குக்கும் பச்சோந்திக்கும் நடுவே கண்ணாடி இருந்தால் யூவிபி ஏறக்குறைய முழுவதும் தடுக்கப்படும். சன்னலோர வெயில் பயன் தராததும் இதனால்தான். வைட்டமின் டி3 மருந்தை நீங்களாகக் கூட்டிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் மென்திசுக்களில் சுண்ணாம்பு படிந்துவிடும்.

எவ்வளவு நேரம் பட்டினி போட வேண்டும்?

வளர்ந்த பச்சோந்திக்குப் பொதுவாக 24 மணி நேரம். பெரிய இரையோ கெட்டித் தோலுள்ள சூப்பர்வோர்ம் புழுவோ தின்றிருந்தால் 48 மணி வரை சொல்வார்கள். குட்டிகளுக்குக் குறைவு. உங்கள் மருத்துவர் சொல்லும் நேரமே முடிவானது.

காரணம் இரண்டு. நிறைந்த இரைப்பை நுரையீரலை அழுத்தும், மயக்கத்தில் இரை மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கும். அடுத்ததாக, உடல் குளிர்ந்தால் செரிமானம் நின்றுவிடும். தின்ற பூச்சி வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். கூண்டில் ஒளிந்திருக்கும் கிரிக்கெட் பூச்சிகளையும் முந்தைய நாளே எடுத்துவிடுங்கள். இரவில் யாருக்கும் தெரியாமல் ஒன்றைப் பிடித்துத் தின்றுவிட்டால் பட்டினி வீண். ஏமன் பச்சோந்தி இலையும் தின்னும், உண்ணத்தகுந்த செடிகளை அகற்றுங்கள்.

தண்ணீரை மட்டும் நிறுத்தவே கூடாது. அன்று காலைகூடத் தெளித்துக் குடிக்கவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

எப்படிக் கொண்டு போவது?

காற்றுத் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அடியில் துண்டு, தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் ஆடாமல் பொருத்திய ஒரு குச்சி. பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் பச்சோந்தி அமைதியாகிவிடும். மேலே ஒரு கருப்புத் துணி. காத்திருப்பு அறையில் நாயோ பூனையோ கண்ணில் படக்கூடாது. கொன்று தின்ன வரும் விலங்கைப் பார்த்த பயத்தோடு மயக்கத்துக்குப் போவது நல்லதல்ல.

பெட்டிக்குள் 24 முதல் 28 டிகிரி இருந்தால் சரி. சென்னையில் மே மாதமென்றால் காரை ஏசி போட்டுக் குளிர்வித்த பிறகு ஏற்றுங்கள், வெயிலில் நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். டொராண்டோவிலோ லண்டனிலோ குளிர்காலமென்றால் முதலில் காரைச் சூடாக்குங்கள். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். உள்ளே வைத்தால் ஒட்டிப் படுத்து வெந்துபோகும்.

கூடவே எடுத்துப் போக வேண்டியது: கடந்த சில வார எடைக் குறிப்பு (ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும்), தீனி, கால்சியத் தூள், விளக்கு பற்றிய விவரம், கூண்டின் படம், கடைசியாகத் தின்ற நாள், எச்சம் போன நாள், முட்டையிட்ட நாள், இதுவரை கொடுத்த மருந்துகள். காலை நேரத்து அறுவையைக் கேட்டு வாங்குங்கள். மயக்கம் தெளிய மாலை வரை ஆனாலும் மருத்துவமனையில் ஆட்கள் இருப்பார்கள்.

நாய்க்கு மயக்கம் கொடுப்பதைவிட இதில் என்ன கஷ்டம்?

பச்சோந்திக்கு உதரவிதானம் கிடையாது. விலாத் தசைகளையும் உடற்சுவர்த் தசைகளையும் வைத்துத்தான் மூச்சு விடுகிறது. மயக்கம் அந்தத் தசைகளைத் தளர்த்தியதும் மூச்சு நின்றுவிடும். அதனால் ஆழ்ந்த மயக்கத்தில் அதற்காக வேறொருவர் மூச்சு விட வேண்டும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 முதல் 6 முறை, மிக மெதுவான அழுத்தத்தில். அந்த நுரையீரல் மெல்லிய பை போன்றது. ஓரங்களில் விரல் விரலாக நீண்ட பைகள் குடல் வரை படர்ந்திருக்கும். அழுத்தம் கூடினால் கிழியும். வயிற்றைத் திறக்கும்போது கத்தி பட்டாலும் கிழியும்.

ஊர்வன மூச்சை நெடுநேரம் அடக்கிவைக்கக்கூடியவை. முகமூடியில் வாயு கொடுத்தால் உள்ளிழுக்காமலே இருக்கும், நேரம் வீணாகும், பயமும் ஏறும். ஆகவே புரோபோபால் அல்லது அல்பாக்சலோன் ஊசியில் மயக்கி, டியூப் போட்டு, பிறகு ஐசோபுளூரேன் என்ற மயக்க வாயுவுக்கு மாற்றுவதே பலரும் பின்பற்றும் முறை. டியூப் என்றால் சிறு உடம்புக்குப் பெரும்பாலும் மனிதர்களுக்கு நரம்பில் ஏற்றும் கேனுலாவின் பிளாஸ்டிக் குழல்தான். அவ்வளவு மெல்லிய குழலைக் கொஞ்சம் சளி அடைத்தாலே போதும், மூச்சு நின்றுவிடும். மயக்கத்தைக் கவனிக்கும் ஆள் தனியாக வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவே.

இதயத்திலும் வேறுபாடு உண்டு. மூன்று அறை இதயம் என்பதால் ரத்தம் நுரையீரலுக்குப் போகாமலே குறுக்கு வழியில் உடலுக்குத் திரும்ப முடியும். அப்படி ஆகும்போது வாயு எவ்வளவு கொடுத்தாலும் மயக்கத்தின் ஆழம் எதிர்பார்த்தபடி வராது. திடீரென்று விழிப்பதும் உண்டு, தெளியாமல் இழுப்பதும் உண்டு.

அறுவையின்போது என்னென்ன தவறாகலாம்?

ரத்த இழப்புதான் முதலில். ஒரு காது குடையும் பஞ்சு முழுக்க நனைந்தால் ஏறக்குறைய 0.1 மில்லி. பத்து பஞ்சு நனைந்தால் ஒரு மில்லி, நம் பச்சோந்தியின் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. தேர்ந்த மருத்துவர்கள் பஞ்சை எண்ணிக்கொண்டே வேலை செய்வார்கள்.

வயிற்றின் நடுக்கோட்டில் பெரிய சிரை ஒன்று ஓடுகிறது. அதனால் பல்லியினங்களில் நடுவைவிட்டுச் சற்று விலகிக் கீறுவார்கள். பச்சோந்தியின் உடம்பு பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால் விலாவுக்குப் பின்னால் பக்கவாட்டில் திறப்பதும் உண்டு. சினைப்பையை எடுக்கும்போது வலது பக்கம் பெருஞ்சிரையை ஒட்டியே வேலை செய்ய வேண்டியிருக்கும். இடது பக்கம் அட்ரீனல் சுரப்பி நடுவில் இருக்கும். முழு அறுவையிலும் கை நடுங்கக்கூடாத இடம் இதுதான்.

உடல் குளிர்வது அடுத்தது. தோலைச் சுத்தம் செய்ய ஸ்பிரிட் தடவினால் அது ஆவியாகும்போதே உடம்பைக் குளிரவைத்துவிடும், ஆகவே குளோர்ஹெக்சிடின் அல்லது நீர்த்த போவிடோன் அயோடின் பயன்படுத்துவார்கள். சூட்டுப் பலகை வைத்தாலும் வெப்பக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் அடிவயிறு வெந்துபோகும்.

முட்டை உள்ளே உடைந்து மஞ்சள் கரு பரவியிருந்தால் உடற்குழி முழுக்க அழற்சி வந்திருக்கும். இப்படிப்பட்ட நிலையில் நல்ல அறுவை செய்தும் பிழைக்காமல் போவது உண்டு.

இறந்துபோகும் வாய்ப்பு எத்தனை சதவீதம்?

எல்லாப் பச்சோந்திக்கும் பொருந்தும் ஒரே எண்ணை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மயக்கவியலில் நோயாளியின் நிலையை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். 1 என்றால் ஆரோக்கியம். 5 என்றால் அறுவை செய்யாவிட்டால் பிழைக்காது, செய்தாலும் சந்தேகம். “எங்கள் பச்சோந்தி எந்தத் தரத்தில் இருக்கிறது? இன்னும் மூன்று நாள் சிகிச்சை கொடுத்தால் ஒரு படி மேலே வருமா, அதற்குள் கீழே இறங்கிவிடுமா?” என்று கேளுங்கள். உண்மையான முடிவு இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. நன்றாகத் தின்று விளையாடும் பச்சோந்தியின் வால் நுனியை எடுப்பதும், இரண்டு வாரமாகத் தின்னாமல் கண் மூடிக் கிடப்பதன் வயிற்றைத் திறப்பதும் ஒரே ஆபத்து அல்ல.

ஒப்புதல் படிவத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

முட்டைகளை மட்டும் எடுப்பதா, சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பதா என்பது எழுத்தில் இருக்கட்டும். முட்டைக்குழாயை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவிட்டால், அடுத்த முறை வெளிவரும் கரு நேராக உடற்குழிக்குள் விழுந்து அழற்சியை உண்டாக்கும். இதயம் நின்றால் மீட்க முயல வேண்டுமா என்பதையும், திறந்து பார்க்கும்போது காப்பாற்ற முடியாத நிலை தெரிந்தால் மயக்கத்திலேயே வலியின்றி விடைகொடுக்கலாமா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். உள்ளே கத்தி வைத்த பிறகு தொலைபேசியில் அழுதுகொண்டே முடிவெடுக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. வலியோடு இழுத்துக்கொண்டிருப்பதைவிட விடைகொடுப்பது நல்ல முடிவாக இருக்கும் நேரங்கள் உண்டு, அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை.

மயக்கம் தெளிய ஏன் இவ்வளவு நேரம்?

மருந்து உடம்பைவிட்டு வெளியேறும் வேகம் உடல் சூட்டைப் பொறுத்தது. 28 முதல் 30 டிகிரியில் வைத்தால் சில மணி நேரத்தில் தெளியும். குளிர்ந்துவிட்டால் நாள் முழுக்க இழுக்கும்.

ஊர்வனவற்றில் மூச்சுக்கான தூண்டல் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருகிறது. சுத்த ஆக்சிஜனையே கொடுத்துக்கொண்டிருந்தால் உடம்பு “போதும்” என்று மூச்சைத் தொடங்காமலே இருக்கும். அதனால் அறுவை முடிந்ததும் சாதாரணக் காற்றைக் கையால் அழுத்தும் பையால் (Ambu bag) செலுத்தத் தொடங்குவார்கள். ஆக்சிஜனைக் கழற்றிவிட்டார்களே என்று பதற வேண்டாம். தானாகச் சீராக மூச்சு விடும்வரை டியூபை எடுக்கமாட்டார்கள்.

டாப்ளரில் இதயத் துடிப்பு கேட்கிறது. அப்படியென்றால் பிழைத்துவிட்டதுதானே?

துரதிர்ஷ்டவசமாக, அப்படிச் சொல்ல முடியாது. ஊர்வனவற்றின் இதயம் ஆக்சிஜன் இல்லாமலும் நெடுநேரம் துடிக்கும், மூளை இறந்த பிறகும்கூட. தானாக மூச்சு விடுவது, தொட்டால் கண் அசைவது, பாதம் விரலைப் பற்றுவது ஆகியவை திரும்பினால்தான் நிம்மதி. இதற்கு எதிரான தவறும் நடக்கும்: குளிர்ந்து அசையாமல் கிடப்பதை இறந்துவிட்டதாக எண்ணிவிடுவது. சூடாக்கி, மூச்சு கொடுத்து, நேரம் கொடுத்துப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கூண்டை எப்படி மாற்ற வேண்டும்?

உயரத்தைக் குறையுங்கள். பிடி திரும்பாத பச்சோந்தி உச்சிக் கிளையில் ஏறி விழுந்தால் தையல் பிரியும், எலும்பு முறியும். தரையிலிருந்து 10, 15 செ.மீ. உயரத்தில் இரண்டு மூன்று சொரசொரப்பான கிளைகள் போதும். அடியில் மண், தேங்காய் நார் எதுவும் வேண்டாம், டிஷ்யூ பேப்பர் விரித்துத் தினமும் மாற்றுங்கள். எச்சமும் கசிவும் அதில் தெளிவாகத் தெரியும்.

பகலில் கூண்டு 26, 28 டிகிரி, வெயில் காயும் இடம் 30 டிகிரி அளவில். இரவில் வழக்கமாக விடும் குளிர்ச்சியை முதல் சில நாட்கள் தவிர்த்து, மருத்துவர் சொல்லும் சூட்டில் வையுங்கள். ஜாக்சன் மலைவாசி. அதற்கு இந்த எண்கள் சற்று அதிகம், இரண்டு மூன்று டிகிரி குறைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். யூவிபி விளக்கு வழக்கம்போல எரியட்டும். தண்ணீருக்குச் சொட்டுக் குழாய் நல்லது. தெளிக்கும்போது காயத்தில் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலி மருந்தை வீட்டில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அளவு நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்கிறதே?

சின்னதாகத்தான் இருக்க வேண்டும். மெலாக்சிகாம் கிலோவுக்கு 0.2 மி.கி. என்று வைத்தால் 110 கிராமுக்கு 0.022 மி.கி. நாய்களுக்கான சிரப்பில் ஒரு மில்லியில் 1.5 மி.கி. இருக்கும். ஆக, தேவைப்படுவது 0.015 மில்லி, ஒரு மில்லி சிரிஞ்சில் ஒன்றரைக் கோடு. சொட்டு மூடியில் ஒரு சொட்டு விட்டால் ஏறக்குறைய 0.05 மில்லி, மூன்று மடங்குக்கு மேல். மருத்துவமனையிலேயே பத்து மடங்கு நீர்க்கவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போது 0.15 மில்லி கொடுக்க வேண்டும், கோடு பார்த்து எடுக்க முடியும்.

நீரிழந்த பச்சோந்திக்கு இந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர் குடிக்கவில்லை என்றால் அடுத்த வேளைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். மனிதர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது.

ஆன்டிபயாடிக்காக செப்டாசிடிம் எழுதியிருந்தால், 72 மணிக்கு ஒருமுறை என்பதைப் பார்த்துத் தவறு என்று நினைக்காதீர்கள். ஊர்வன உடம்பில் அது அவ்வளவு நேரம் தங்கும். ஊசி முன்னங்கால் பக்கம் போடுவது வழக்கம். பின்பாதியின் ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடியது என்பதால் அங்கே தவிர்ப்பார்கள்.

எப்போது தின்னும்?

தெளிவாகக் கண் திறந்து, கிளையைப் பிடித்து, தண்ணீர் குடித்த பிறகு. பெரும்பாலும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஒரு சின்ன, மென்மையான பூச்சியைக் காட்டிப் பாருங்கள். பட்டுப்புழு, தோல் உரித்த கிரிக்கெட் பூச்சி ஆகியவை எளிது. தின்னாத பூச்சியை உள்ளே விட்டுவிடாதீர்கள். இரவில் கிரிக்கெட் பூச்சிகள் தையலைக் கடிக்கும்.

நல்ல எடையோடு அறுவைக்குப் போனது சில நாள் தின்னாவிட்டால் பரவாயில்லை. அறுவைக்குப் பிந்தைய எடையிலிருந்து பத்து சதவீதம் குறைந்தால் குழல் வழி உணவு பற்றிப் பேச வேண்டும். நாக்கின் ஒரு பகுதியை எடுத்திருந்தால் இனிக் கையால் அல்லது இடுக்கியால் ஊட்ட வேண்டியிருக்கும். தாடையால் கவ்வித் தின்ன பல பச்சோந்திகள் பழகிக்கொள்கின்றன, பொறுமை மட்டும் வேண்டும்.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய அறிகுறிகள்?

பகலில் தொடர்ந்து கண் மூடியிருப்பது. வாயைத் திறந்து மூச்சு விடுவது, வாயில் நுரை. தையல் விளிம்பு பிரிவது, அங்கே ஈரக் கசிவு அல்லது வீக்கம். கிளையை விட்டுத் தரையில் கிடப்பது. உடம்பு கருத்தபடியே நாள் முழுக்க இருப்பது. முதல் நாள் கருத்திருப்பது பயத்தாலும் வலியாலும் வரும், அது வெளுக்காமல் நீடிப்பதுதான் கவலைக்குரியது.

நம்மூர்க் காட்டுப் பச்சோந்தி அடிபட்டுக் கிடக்கிறது. வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கலாமா?

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இயற்கையாக வாழும் பச்சோந்தி இந்தியாவில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுவது. வீட்டில் வைத்திருக்க அனுமதி இல்லை. துளையிட்ட பெட்டியில் நிழலில் வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். உணவு கொடுக்க வேண்டாம்.

தையல் எப்போது பிரிப்பார்கள்?

ஊர்வனத் தோல் மெதுவாகத்தான் ஆறும். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பலர் ஒருமுறை தோல் உரியும்வரை காத்திருப்பார்கள். பச்சோந்தித் தோலின் விளிம்பு உள்பக்கமாகச் சுருளும் இயல்புள்ளது, அதனால் விளிம்பை வெளியே பிதுக்கித் தைப்பார்கள். தையல் கோடு மேடாகத் தெரிவது இயல்பே, அமுக்கிப் பார்க்க வேண்டாம். இடையில் தோல் உரிந்தால் தையலில் மாட்டிக்கொண்டு தொங்கும். இழுத்தால் முடிச்சும் சேர்ந்து வரும். ஈரப்பதத்தைக் கூட்டிவிட்டு, மீதி இருப்பதைப் பிரிக்கும் நாளில் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

சினைப்பையை எடுக்கவில்லை, முட்டைகளை மட்டும் எடுத்தார்கள். மறுபடி வருமா?

வரும், சில மாதத்திலேயே வரலாம். வளர்ந்த ஏமன் பெண்ணுக்குத் தினமும் தீனி வேண்டாம். ஒன்றுவிட்டு ஒருநாள் மூன்று நான்கு பூச்சிகளோடு நிறுத்தி, வெயில் காயும் இடத்தை 27, 28 டிகிரிக்குக் குறைத்தால் முட்டைகளின் எண்ணிக்கை பெரிதும் குறையும், சில பெண்கள் முட்டையிடுவதையே நிறுத்திவிடும். ஆனால் காயம் முழுதாக ஆறி, எடை தேறிய பிறகே இந்தக் கட்டுப்பாட்டைத் தொடங்குங்கள். முட்டையிடும் மண்தொட்டியைத் தையல் பிரித்ததும் திரும்ப வைத்து, எப்போதும் ஈரமாகத் தயாராக வைத்திருங்கள்.